வருசநாட்டுக்கான மக்கள்சார் நோய்க்கட்டுப்பாட்டு ஆய்வு நிலையம்: சென்னைக் காசநோய் ஆய்வு தரும் வடிவமைப்பு நெறிகள்

ஆய்வுச்சுருக்கம்

நோய்க்கட்டுப்பாட்டு ஆய்வு நிலையம் ஒன்றைத் திட்டமிடும்போது கட்டடம், கருவி, பணியிடம் ஆகியவையே முதலில் கணக்கிடப்படுகின்றன. நோயாளி அந்நிலையத்தை அடைய இழக்கும் ஒரு நாள் கூலி அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அந்த இழப்பையே ஆய்வுப் பொருளாக்கி, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. அம்மையத்தின் ஆய்வுமுறையிலிருந்து பெறத்தக்க வடிவமைப்பு நெறிகளைத் தொகுத்து, தேனி மாவட்டம் வருசநாட்டுப் பகுதிக்கு அவை எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வருசநாடு, காசநோய், வீட்டுச் சிகிச்சை, மக்கள் பங்கேற்பு, நிலைய வடிவமைப்பு, ஆய்வு அறம்.

முன்னுரை

வைகையின் மூல ஓடைகள் பிறக்கும் மலைகளின் அடிவாரத்தில் அமைந்தது வருசநாடு. ஆண்டிபட்டி வட்டாரத்தைச் சேர்ந்த இப்பகுதி கடமலைக்குண்டு–மயிலாடும்பாறை ஊராட்சி ஒன்றியத்துள் அடங்குகிறது. இலவந்தோப்பும் தென்னந்தோப்பும் மானாவாரி நிலமும் ஆடுமாடுகளும் இங்குள்ளோரின் வாழ்வாதாரங்கள். ஊருக்கு மேலே வெள்ளிமலை, அரசரடி முதலிய மலைக்குடியிருப்புகள் உள்ளன. வருசநாட்டிலிருந்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாக இறங்கும் சாலை மதுரை–தேனி நெடுஞ்சாலையைத் தொடும் இடம் கண்டமனூர் விலக்கு. மக்கள் வழக்கில் அது க.விலக்கு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்திருப்பதும் அங்கேதான்.

நோய்க்கட்டுப்பாட்டின் நோக்கில் இச்சாலையே இப்பகுதியின் முதன்மைச் சிக்கலாகும். மலைக்குடியிருப்பில் இருமலோடு இருக்கும் ஒருவர் உயர்நிலைப் பரிசோதனைக்காகக் கீழே இறங்கிவர ஒரு நாள் ஆகும். முடிவறிய இன்னொரு நாள் தேவைப்படலாம். மருந்து தொடங்கிய பின் ஆறு மாதங்களும் இத்தொலைவு அவரைத் தொடர்கிறது. காசநோய் மருந்தை இடையில் நிறுத்துபவர் தாம் மட்டும் துன்புறுவதில்லை. நோய் மீண்டும் தலைதூக்கவும், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகவும், வீட்டிலுள்ள குழந்தைக்குத் தொற்றவும் அது வழிவகுக்கிறது. எனவே இத்தகைய பகுதிக்கென நிலையம் ஒன்றை வடிவமைப்பவர் எழுப்பவேண்டிய முதல் வினா, எத்தனை சதுர அடிக் கட்டடம் என்பதன்று. சிகிச்சை இடையில் முறியாதிருக்க எது தேவை என்பதே. இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டிலேயே விடை தேடப்பட்ட வரலாறு உண்டு.

சென்னை ஆய்வு எழுப்பிய வினா

1950களில் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. எனினும் நோயாளி சானடோரியத்தில் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கி, ஓய்வும் ஊட்டமான உணவும் தூய காற்றும் பெற்றாலன்றிக் குணம் கிட்டாது என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் வலுவாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955–58 ஆண்டுகளில் நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, இந்நோய் நகரங்களுக்கு மட்டும் உரியதன்று, சிற்றூர்களிலும் ஏறத்தாழ அதே அளவில் பரவியுள்ளது என்று காட்டியது. நாட்டிலிருந்த சானடோரியப் படுக்கைகள் நோயாளர் தொகைக்கு எவ்விதத்திலும் ஈடாகவில்லை. படுக்கை கிடைத்தாலன்றிச் சிகிச்சை இல்லை என்ற நிலை நீடித்திருந்தால் பெரும்பாலோர் சிகிச்சையின்றியே இறந்திருப்பர்.

இப்பின்னணியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்ககால அறிவியல் தலைமையை ஏற்றார். மையத்தின் முதல் ஆய்வு எளிய வினா ஒன்றைக் கொண்டிருந்தது: நெருக்கமான குடியிருப்பில், குறைந்த உணவோடு, தம் வீட்டிலேயே இருந்து மருந்து உண்பவர், சானடோரியத்தில் இருப்பவரைப் போலக் குணம் பெறுவாரா?

193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோநியசிட், பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் என்னும் ஒரே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தோர்க்கு உணவும் ஓய்வும் மேம்பட்டிருந்தன. வீட்டில் இருந்தோர் குறைவாக உண்டனர், கூடுதலாக உழைத்தனர். 1959இல் வெளியான முடிவுகளின்படி ஓராண்டு நிறைவில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் கிருமி அடங்கிய நிலையை அடைந்திருந்தனர். ஐந்தாண்டுத் தொடர்கண்காணிப்பிலும் இரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சிகிச்சை தொடங்குமுன் ஏற்பட்ட தொடர்பே தொற்றுக்குப் பெரிதும் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று.

இம்முடிவு ஒரு மருந்தின் வெற்றி என்பதைவிட ஓர் ஏற்பாட்டின் வெற்றி என்றே கொள்ளத்தக்கது. குணப்படுத்தும் ஆற்றல் படுக்கையில் இல்லை, தொடர்ந்து உண்ணப்படும் மருந்தில் உள்ளது என்பது நிறுவப்பட்டதும், நோயாளி தொடர்ந்து உண்ண உதவும் ஏற்பாடே நிலையத்தின் மையப்பணி ஆயிற்று.

வாரம் ஒருநாள் வருகையும் அதன் படிப்பினையும்

சென்னை மையத்தின் அன்றாட நடைமுறைகள் வடிவமைப்பு நோக்கில் கூர்ந்து நோக்கத்தக்கவை. வீட்டுப் பிரிவினர் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து பெற்றனர். சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீர்ச் சோதனையால் மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று அறிந்தனர். சமூகப் பணியாளர்கள் குடும்பத்தின் கடன், வேலையிழப்பு, பிணக்கு ஆகியவற்றையும் கேட்டறிந்தனர். மருந்தை நிறுத்துவோர் அறியாமையால் மட்டும் நிறுத்துவதில்லை என்பது இதில் புலனாயிற்று. பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் அளவில் மிகுந்தது, குமட்டலும் வயிற்றுக் கோளாறும் தருவது. நோயாளியை மட்டும் குறை கூறுவதைவிட மருந்துமுறையை மாற்றுவதே தக்கது என்ற தெளிவு பிறந்தது.

அதன் விளைவாக மையத்தின் அடுத்தகட்ட ஆய்வுகள் அமைந்தன. வாரம் இருமுறை மட்டும், பணியாளர் முன்னிலையில், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மிகுந்த அளவில் ஐசோநியசிட்டும் வழங்கும் முறை ஆராயப்பட்டது. நாள்தோறும் நோயாளி தாமே உண்ணும் முறைக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று என 1964இல் வெளியான முடிவுகள் காட்டின. நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்று பின்னாளில் உலகெங்கும் வழங்கிய முறையின் வேர்களுள் ஒன்று இது. இம்மையமே பின்னர்க் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. கண்காணிப்பு, சென்னை நகரில் சில தெருக்கள் கடந்து வருபவருக்கு ஆதரவாகும். மலைக்குடியிருப்பிலிருந்து இறங்கிவருபவருக்குத் தண்டனையாகும். சென்னை மாதிரியின் உட்பொருள் வாராந்தர வருகை அன்று. நோயாளியின் நாளைக் கெடுக்காத இடைவெளியில் மருந்தும் மனிதத் தொடர்பும் அவரை அடைவதே. வருசநாட்டில் அதே உட்பொருளைக் காக்க வேண்டுமாயின் வருகையின் திசை மாறவேண்டும்.

தும்கூர் ஆய்வு: நோயாளி முன்பே வந்திருந்தார்

மக்கள் விழிப்புணர்வு இல்லாதவர்கள், எனவே நோய் பரவுகிறது என்ற கருத்து இன்றும் பல திட்டங்களின் அடித்தளமாக உள்ளது. பெங்களூரில் 1959இல் நிறுவப்பெற்ற தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபாபர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகிய இருவரும் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் மேற்கொண்டு 1963இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. காசநோய் கண்டறியப்பட்டவருள் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏற்பட்ட அறிகுறிகளை உணர்ந்திருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னரே மருத்துவ நிலையம் ஒன்றை நாடியும் இருந்தனர். அங்கே சளி பரிசோதிக்கப்படவில்லை. இருமல் மருந்தே கிடைத்தது.

நோயாளி நிலையத்தைத் தேடி வராததைவிட, வந்தவரை நிலையம் அடையாளம் காணாததே பெரிய குறை என்பது இவ்வாய்வின் சாரம். பானர்ஜி மருத்துவத்தோடு மானிடவியலும் பயின்றவர். மக்கள் உணரும் தேவையிலிருந்து திட்டம் தொடங்கவேண்டும் என்னும் அவரது நிலைப்பாட்டுக்கு இதுவே சான்றாயிற்று. காசநோய்ப் பணியைத் தனி நிறுவனமாக ஒதுக்காமல் பொது மருத்துவ நிலையங்களோடு இணைக்கும் தேசியத் திட்டம் 1962இல் உருவானபோது இந்நோக்கும் அதற்குத் துணைநின்றது. ஆகவே புதிய நிலையத்தின் நுழைவாயில் புதிய கட்டடத்தில் இருக்கவேண்டியதில்லை. இருமலோடும் காய்ச்சலோடும் மக்கள் ஏற்கெனவே படியேறும் ஆரம்ப சுகாதார நிலையமே அதன் நுழைவாயில்.

வருசநாட்டுக்குப் பொருந்தும் மூன்று அடுக்குகள்

மேற்கண்ட இரு ஆய்வுகளையும் இணைத்து நோக்கின் நிலையத்தை மூன்று அடுக்குகளாக வகுக்கலாம்.

முதல் அடுக்கு குடியிருப்பு. சளி மாதிரியைப் பெறுதல், மருந்தைச் சேர்த்தல், எடை பார்த்தல் ஆகியவை இங்கே நிகழவேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு, உயர் இரத்த அழுத்த நோயாளருக்கு வீட்டிலேயே மருந்து வழங்கும் வழியை ஏற்கெனவே ஏற்படுத்தியுள்ளது. அதே வழியில் காசநோய்ப் பணியும் செல்லலாம். பணியாளர் மலைக்குடியிருப்பைச் சேர்ந்தவராகவே இருப்பது சிறப்பு. பளியர் போன்ற பழங்குடியினர் வாழும் மலையில் வெளியாள் ஒருவர் பெறத் தாமதமாகும் நம்பிக்கையை உள்ளூர்ப் பெண் ஒருவர் முதல் நாளே பெற்றிருப்பார்.

இரண்டாம் அடுக்கு வருசநாடு அல்லது கடமலைக்குண்டில் அமையும் நிலையம். பேருந்து வந்து திரும்பும் நேரத்துக்குள் சோதனை முடிந்து முடிவு கையில் கிடைப்பதே இதன் இலக்கு. கோவாவைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட் என்னும் மூலக்கூற்றுச் சோதனைக் கருவி மின்கலத்தால் இயங்குவது. குளிரூட்டிய அறையை வேண்டாதது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் இதனை ஏற்றது. மின்தடை நேரும் மலையடிவாரத்துக்கு இது பொருத்தமானது. கிருமி வளர்ப்பு ஆய்வகத்தை இங்கே அமைப்பது தகாது. அதற்கு வேண்டிய உயிர்க்காப்பு ஏற்பாட்டைத் தொடர்ந்து பராமரிக்கும் செலவு மற்றப் பணிகளை விழுங்கிவிடும். மாதிரிகளை நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் ஒழுங்கான வண்டி ஏற்பாடே போதும். எதைக் கட்டாமல் விடுவது என்பதும் வடிவமைப்பின் பகுதியே.

மூன்றாம் அடுக்கு க.விலக்கு மருத்துவமனை. வீட்டுச் சிகிச்சை போதும் என்ற சென்னை முடிவை, படுக்கையே வேண்டாம் என்று பொருள்கொள்ளக்கூடாது. மெலிந்து, எழுந்து நிற்க இயலாத நிலையில் வருவோர் மருந்து தொடங்கிய முதற் சில வாரங்களுக்குள் இறப்பது உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பெற்ற காசநோய் இறப்பில்லாத் திட்டம் இவர்களையே குறிவைத்தது. உடல் நிறைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சின் வேகம், குருதியின் ஆக்சிஜன் அளவு, பிறர் துணையின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு ஆபத்தில் உள்ளவரை நோய் அறிந்த நாளிலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்ப்பது இதன் முறை. எடைக்கருவி, உயர அளவுகோல், விரலில் பொருத்தும் ஆக்சிஜன்மானி, மணிப்பொறி ஆகியவை இருந்தால் எந்தச் சிற்றூர் நிலையத்திலும் இதனைச் செய்யலாம். வீடா படுக்கையா என்ற பழைய வினாவுக்கு, யாருக்கு எப்போது எது என்ற திருத்தமான விடை இவ்வாறு கிடைத்துள்ளது.

காற்றும் கட்டடமும்

காசநோய் காற்றால் பரவுவது. எனவே கட்டடத்தின் முதல் மருந்து காற்றோட்டம். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நிகழ்ந்து 2007இல் வெளியான ஆய்வில், கதவும் சன்னலும் திறந்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் கொண்ட அறைகளில் 12 முறையே மாறியது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் உடைய பழைய கட்டடங்களே இதில் முன்னின்றன. ருவாண்டாவின் புட்டாரோ மாவட்ட மருத்துவமனை 2011இல் இந்நெறியைப் பின்பற்றிக் கட்டப்பட்டது. உள்ளூர் எரிமலைக் கல்லும் உள்ளூர் உழைப்பும் அதில் பயன்பட்டன.

வருசநாட்டில் இதற்குப் பெருஞ்செலவு தேவைப்படாது. காத்திருப்போர் இடம் சுவரில்லாத கொட்டகையாக அமையலாம். சளி கொடுக்கும் இடம் திறந்த வெளியில், பிறர் பார்வைக்கு மறைவாக இருக்கவேண்டும். மருத்துவரின் இருக்கை, காற்று அவரிடமிருந்து நோயாளியை நோக்கிச் செல்லும் திசையில் அமையவேண்டும். மழைக்காலத்தில் சன்னலை அடைத்துவிடும் வழக்கத்தை முன்னுணர்ந்து, அடைக்க இயலாத மேல்திறப்புகள் வைக்கப்படவேண்டும்.

பெயர்ப்பலகையும் கட்டடத்தின் உறுப்பே. காசநோய் நிலையம் என்று எழுதிய வாயிலில் நுழைபவரை ஊர் அடையாளம் கண்டுவிடும். திருமணமாகாத பெண்ணுக்கு அந்த அடையாளம் நோயைவிடக் கொடிது. ஆண்டிபட்டியில் தொழுநோய்ப் பணியில் தொடங்கிக் காசநோய், எச்.ஐ.வி. பணிகளுக்கு விரிந்த ஆரோக்கிய அகம் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெயரில் எந்த நோயும் இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஒரே வாயில் இருப்பது மறைவுக்கு மட்டுமன்றி மருத்துவத்துக்கும் நன்று. புதர்க்காட்டுச் சிற்றுண்ணிகளால் பரவும் உண்ணிக்காய்ச்சல் போன்றவை உரிய நேரத்தில் கண்டறியப்பட்டால் விலை குறைந்த மருந்தாலேயே குணமாகும். தவறினால் உயிரைப் பறிக்கும்.

ஆய்வு யாருக்குப் பதில் சொல்கிறது?

மேற்கூறியவை சேவைக்கு உரியவை. இந்நிலையம் ஆய்வு நிலையமாகவும் இருக்கவேண்டுமெனில் மக்களின் ஒப்புதல் என்னும் சிக்கல் எழுகிறது. தேனி மாவட்டம் இதில் அனுபவம் உடையது. பொட்டிப்புரம் மலைப்பகுதியில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உள்ளூரிலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் தொடர்ந்தன, 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. அத்திட்டத்தின் அறிவியல் மதிப்பு தனியே ஆராயத்தக்கது. ஆனால் ஓர் ஆய்வு தம் மலையில் ஏன் நிகழவேண்டும் என்ற ஊராரின் வினா, அனுமதிகள் பெற்ற பின்னும் எஞ்சி நிற்கும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

வருசநாட்டு மலைகளில் இவ்வினாவுக்குக் கூடுதல் கூர்மை உண்டு. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நிலவுரிமை உறுதியற்ற குடியிருப்பில் பதிவேட்டோடு வரும் எவரும் ஐயத்தோடு நோக்கப்படுவது இயல்பு. வீட்டு எண்ணும் ஆள் எண்ணிக்கையும் நோய்க்கணக்குக்கு மட்டுமே, வேறு துறைக்குச் செல்லா என்ற உறுதி எழுத்தில் தரப்பட்டாலன்றி அங்கே நம்பத்தக்க தரவு கிடைக்காது. எனவே தரவுக் காப்பு, அறத்தோடு ஆய்வின் துல்லியத்துக்கும் அடிப்படையாகிறது.

முடிவுகளை மக்களிடம் திருப்பித் தருதலும் இதனோடு சேர்ந்தது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டது. எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை வெளியிடும் துணிவு அறிவுலகுக்கு ஆற்றிய தொண்டாகும். வருசநாட்டு நிலையம் அதனை ஒருபடி மேலே கொண்டுசென்று, எந்த ஆய்வின் முடிவையும் இதழில் வெளியிடுவதோடு கிராமசபையில் தமிழில் படித்துக்காட்டுவதையும் விதியாகக் கொள்ளலாம்.

ஆய்வுப் பொருளையும் அம்மண்ணே தரவேண்டும். ஜார்க்கண்டில் நிகழ்ந்து 2023இல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்துக்கு உணவுப்பொருள் வழங்கியபோது குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. காசநோயாளருக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்த அரசின் ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாயிற்று. வங்கி தொலைவில் இருக்கும் மலைக்குடியிருப்பில் அப்பணம் உணவாக மாறுகிறதா? தோட்ட வேலைக்காகக் கேரளத்துக்குச் செல்பவரின் மருந்து மாநில எல்லை தாண்டியும் தொடர்கிறதா? இத்தகைய வினாக்களுக்கு விடை காண மாபெரும் ஆய்வகம் வேண்டியதில்லை. விடை கிடைத்தால் பயன் கேட்ட ஊருக்கே சேரும்.

முடிவுரை

சென்னை மையம் உலகுக்கு அளித்த கொடையை வீட்டுச் சிகிச்சை என்ற சொல்லில் மட்டும் அடக்க இயலாது. நோயாளியின் வறுமையையும் அவர் நடக்கும் தொலைவையும் ஆய்வின் இடையூறுகளாக ஒதுக்காமல் ஆய்வின் பொருளாகவே அது ஏற்றது. தும்கூர் ஆய்வு, வந்த நோயாளியை அடையாளம் காணாத நிலையத்தின் பொறுப்பைச் சுட்டியது. இறப்பில்லாத் திட்டம், படுக்கை யாருக்கு இன்றியமையாதது என்று வரையறுத்தது. இம்மூன்றையும் இணைத்து வருசநாட்டில் நிலையம் அமையுமாயின், அதன் வெற்றியை அளக்கக் கட்டடத்தின் பரப்போ வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையோ போதா. முதல் இருமலுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையே கழிந்த நாட்கள், சிகிச்சைக்காக ஒரு குடும்பம் இழந்த கூலிநாட்கள், ஆறு மாதமும் முறியாமல் மருந்துண்டு முடித்தோரின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் கணக்கிடப்பட்டு ஊரார் முன் வைக்கப்படவேண்டும். அக்கணக்கைக் கேட்டு வினா எழுப்பும் உரிமை வெள்ளிமலையில் வாழ்பவருக்கும் கிடைக்கும்போதே அந்நிலையம் மக்கள்சார் நிலையம் என்ற பெயருக்கு உரியதாகும்.